திரைக்குள் ஓடும் நீர்

2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெய்த கனமழையால் ஜொகூர் மாநிலத்தின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 40,000-க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். யோங் பெங் வட்டாரத்தின் தாழ்ந்த நிலங்களிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தைக் கணினித் திரையிலும் ஓடவிடலாம். விளையாட்டுகளில் ஆறும் கடலும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால், அதற்காகக் கணினி படும் பாடு கொஞ்சமன்று.

திரையில் தெரியும் அசைவு, அடுத்தடுத்துத் தோன்றும் படங்களின் வரிசையே. நொடிக்கு 60 படங்கள் தோன்ற வேண்டுமானால், ஒரு படத்திற்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லிநொடி மட்டுமே. அதற்குள் நீரின் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிட்டு, படத்தையும் வரைந்து முடிக்க வேண்டும். திரைப்படக் கலைஞர்கள் ஒரே படத்திற்காக மணிக்கணக்கில் காத்திருக்கலாம். விளையாடுபவர் காத்திருக்க மாட்டார். கணக்கு தாமதமானால் காட்சி திக்கித் திணறும்.

நீரைத் துகள்களின் கூட்டமாகக் கருதுவது ஒரு வழி. 10,000 துகள்களில் ஒவ்வொன்றையும் மற்ற அனைத்தோடும் ஒப்பிட்டால், ஏறக்குறைய 50 மில்லியன் இணைகளைச் சோதிக்க நேரிடும். உண்மையில், அருகிலுள்ள துகள்களே ஒன்றையொன்று தள்ளுகின்றன. பக்கத்து மேசையில் இருப்பவரைத் தேடி யாரும் பள்ளி முழுவதும் சுற்றுவதில்லை அல்லவா? எனவே, இடத்தைச் சிறு பெட்டிகளாகப் பிரித்து, தன் பெட்டியிலும் சுற்றியுள்ள பெட்டிகளிலும் மட்டும் தேடினால், வேலை பெருமளவு குறையும்.

மற்றொரு வழி, இடத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகத்தைக் கணக்கிடுவது. இதில் நேரத்தைப் பெரிய அடிகளாகத் தாண்டினால், பிழை பெருகிக் கணக்கே சிதறிவிடும். 1999-இல் யோஸ் ஸ்டாம் என்னும் கணினி அறிவியலாளர் இதற்கு எளிய தீர்வு ஒன்றைத் தந்தார். ‘இந்த நீர் எங்கே போகும்?’ என்று கேட்பதற்குப் பதிலாக, ‘இங்குள்ள நீர் எங்கிருந்து வந்தது?’ என்று பின்னோக்கிப் பார்க்கச் செய்தார். கணக்கு சிதறவில்லை. சுழல்கள் மட்டும் இயல்பைவிட விரைவில் அடங்கிவிடும். விளையாடுபவரின் கண் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை.

பரந்த நீர்நிலைக்கு இன்னும் சிக்கனமான முறை உண்டு. 256 × 256 × 256 கட்டங்களைக் கணக்கிட்டால், 16 மில்லியனுக்கும் அதிகமாகும். ஒவ்வோர் இடத்திலும் நீரின் உயரத்தை மட்டும் கணக்கிட்டால், 65,536 போதும். கவிழ்ந்து விழும் அலையை இம்முறையால் காட்ட இயலாது. அமைதியான ஏரிக்கு அது தேவையுமில்லை.

வெள்ளத்தை ஆராயும் பொறியாளர்களும் இதே போன்ற எளிமையாக்கத்தைக் கையாள்கின்றனர். ஆனால், விளையாட்டில் சிறிது நீர் கணக்கில் மறைந்தாலும் குற்றமில்லை. யோங் பெங் போன்ற ஊரில், வெள்ளம் வாசற்படியில் நிற்குமா, கட்டில்வரை ஏறுமா என்பதை ஒரு சாண் நீரே முடிவு செய்துவிடும். ஆகவே, அங்கே நீரைத் தொலைக்காமல் கணக்கிட வேண்டும். அதற்கு 16.7 மில்லிநொடி என்ற கெடு இல்லை. எனினும், நீர் வீட்டுக்குள் வருமுன் விடை வந்தாக வேண்டும்.