வெற்றி வளைவில் நுழைந்த குதிரை வீரர்!

1871ஆம் ஆண்டு, மார்ச் 1. பிரான்ஸ் நாட்டின் பாரிஸ் நகரம் சோகத்தில் மூழ்கிக் கிடந்தது. போரில் வென்ற ஜெர்மானியப் படை நகருக்குள் நுழைந்து கொண்டிருந்தது. நெப்போலியனின் படைகளைப் போற்றிக் கட்டப்பட்ட வெற்றி வளைவின் வழியே, ஜெர்மானியர்களில் முதல் ஆளாக ஒரு குதிரைப்படை அதிகாரி புகுந்து சென்றார். அவருக்கு வயது 21தான்!

அவர் பெயர், பிரீட்ரிக் வான் பெர்ன்ஹார்டி. 1849இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தை ஒரு வரலாற்று ஆசிரியர். பின்னர், குடும்பம் பிரஷ்யாவில் குடியேறியது. ஜெர்மானிய அரசுகளிலேயே மிகப் பெரியது பிரஷ்யா. 1871இல் பல ஜெர்மானிய அரசுகள் அதன் மன்னரின் தலைமையில் இணைந்து, ஜெர்மனி என்ற ஒரே நாடாயின.

பெர்ன்ஹார்டி வாளோடு பேனாவையும் பிடித்தார். படைத் தலைமையகத்தில் போர் வரலாற்றுப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1899இல், வருங்காலப் போர்களில் குதிரைப்படை பற்றி ஒரு நூல் எழுதினார்.

'வேகமாகச் சுடும் துப்பாக்கிகள் வந்துவிட்டன. இனி வாளை உருவிக்கொண்டு பாய்ந்தால் மட்டும் போதாது. எதிரியை வேவு பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் குதிரையை விட்டு இறங்கி, துப்பாக்கியால் சண்டையிட வேண்டும்' என்பது அவர் கருத்து. பின்னாளில் எதிரி நாடான பிரிட்டனின் தளபதிகளும் இந்த நூலை மொழிபெயர்ப்பில் படித்தனர்!

போர் எப்படி நடக்கும் என்று அறிந்த அவர், போர் எதற்கு என்பதில்தான் தவறினார்.

1909இல் ஓய்வு பெற்றவர், அடுத்த போர் பற்றி இன்னொரு நூல் எழுதினார். உயிரினங்களுக்குள் போட்டி இருப்பது போல, நாடுகளுக்குள் போர் இருப்பதும் இயற்கையே; அது அவசியமும்கூட என்று அதில் வாதிட்டார். ஓர் அத்தியாயத்தின் தலைப்பே, 'உலக வல்லரசு அல்லது வீழ்ச்சி!'

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. அது இந்த ஒரு நூலால் வந்த போர் அல்ல. ஆனால், 'ஜெர்மனி போரை விரும்புகிறது, இதோ சாட்சி!' என்று எதிரி நாடுகள் அந்த நூலையே உலகுக்குக் காட்டின. ஜெர்மனிக்காக எழுதியது, ஜெர்மனிக்கு எதிரான ஆயுதமாகிவிட்டது!

வயதான பெர்ன்ஹார்டி மீண்டும் படைக்குத் திரும்பிப் போரிட்டார். நான்கு ஆண்டுகளில், சுமார் 90 லட்சம் வீரர்கள் மாண்டனர். 1918இல் ஜெர்மனி தோற்றது. மன்னர் நாட்டைவிட்டே வெளியேறினார். அவர் எழுதிய இரண்டில், வீழ்ச்சிதான் வந்தது.

1930இல் பெர்ன்ஹார்டி இறந்தார். 21 வயதில் அவர் பார்த்தது, வென்றவர்களின் ஊர்வலம். அதே வளைவின் அடியில் இன்று, முதல் உலகப் போரில் இறந்த, பெயர் தெரியாத ஒரு பிரெஞ்சு வீரரின் கல்லறை இருக்கிறது. தினமும் மாலையில் அங்கே அணையாச் சுடரைத் தூண்டி, அஞ்சலி செலுத்துகின்றனர்.

ஊர்வலத்தை மட்டும் பார்த்தால், போர் அழகாகத்தான் தெரியும். கல்லறையையும் பார்த்தால்தான், அதன் விலை புரியும், இல்லையா குட்டீஸ்?