வேலிக்கு அப்பால் நடக்கும் உரிமை

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வேலிப்படி ஒன்றில் மஞ்சள் அம்புக்குறி இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் யாருடைய நிலமானாலும் அந்தப் பாதையில் நீங்கள் நடந்து போகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். லண்டனின் டூட்டிங், சட்டன், நியூ மால்டன் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு சர்ரே மாவட்டத்தின் ஹீத் வெளிகள் அதிகத் தொலைவில்லை. ஹெதர் செடியும் முள் நிறைந்த கோர்ஸ் புதரும் மண்டிய மணல் நிலங்கள் அவை. ஆனாலும் ‘யாரோ ஒருவருடைய இடம், நமக்கெதற்கு வம்பு’ என்று நம்மில் பலர் பூங்காப் புல்வெளியோடு நின்றுவிடுகிறோம். அந்தத் தயக்கம் தேவையே இல்லை.

மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம். இவை கவுன்சிலின் சட்டபூர்வ வரைபடத்தில் பதிவான பொதுப் பாதைகள். நில உரிமையாளர் நினைத்தால் மூடிவிட முடியாது. இதற்கு மேல் இன்னோர் உரிமையும் உண்டு. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் மலையில் தடையை மீறி நடந்த தொழிலாளர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அவர்கள் கேட்ட திரியும் உரிமையில் ஒரு பகுதியை 2000ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. மலை, மூர் என்னும் மேட்டுத் தரிசு, ஹீத், சுண்ணாம்புக் குன்று, பதிவுபெற்ற பொது நிலம் என்று வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடங்களில், பாதையை விட்டும் கால்நடையாக எங்கும் திரியலாம்.

இதில் காடு சேராது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. 1600ஆம் ஆண்டு முதல் இடைவிடாமல் காடாகவே இருந்துவரும் நிலத்தைத்தான் இங்கிலாந்தில் தொன்மைக் காடு என்கிறார்கள். அது தனியாருடையதாக இருந்தால் பொதுப் பாதையில் மட்டுமே நடக்கலாம். அரசின் வனத்துறைக் காடுகளிலும் உட்லண்ட் டிரஸ்ட் போன்ற அறக்கட்டளைகளின் காடுகளிலும் பெரும்பாலும் தாராளமாக நடக்கலாம். எது எது என்று அறிய ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடம் போதும். பச்சைக் கோடுகள் பொதுப் பாதைகள். வெளிர்மஞ்சள் பூசியிருப்பது திரியும் உரிமையுள்ள திறந்த நிலம். ஒரு விதிவிலக்கு: ஆஷ், பிர்பிரைட் பக்கத்து ஹீத்களில் ராணுவம் சுட்டுப் பயிற்சி செய்கிறது. அங்கே சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகவே கூடாது.

‘அத்துமீறினால் வழக்கு’ என்ற பலகையைக் கண்டு பதறவும் வேண்டாம். ரயில் பாதை, ராணுவ நிலம் போன்ற சில இடங்களைத் தவிர, வழிதவறி அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது இங்கிலாந்தில் குற்றமல்ல. உரிமையியல் விவகாரம் மட்டுமே. வெளியேறச் சொன்னால் வெளியேறிவிட வேண்டும். பொதுப் பாதையிலேயே மக்களை விரட்டும்படி பொய்ப் பலகை வைத்தால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி வைத்தவர்தான் குற்றவாளி.

பாதை உழப்பட்டிருந்தால்? வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழலாம். விதைப்புக்காக முதலில் கிளறிய நாளிலிருந்து 14 நாளுக்குள் சீராக்கித் தர வேண்டும். பயிர் வளர்ந்தாலும் நடைபாதைக்கு குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விட்டாக வேண்டும். வயலோரப் பாதையை உழவே கூடாது. அடைபட்ட இடத்தைப் படம் எடுத்து, வரைபடக் கட்ட எண்ணோடு கவுன்சிலுக்கு இணையத்தில் புகார் அனுப்புங்கள். பாதையைக் காப்பது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் கவுன்சிலின் தலையில் சுமத்திய கடமை. அந்த ஊரில் வசிக்காதவரும் புகார் செய்யலாம்.

பருவம் மாறும்போது காட்சியோடு விதியும் மாறுகிறது. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை திறந்த நிலங்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். மே மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து வரும் நைட்ஜார் பறவை வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது. நாய் ஒரு முறை மோந்துபோனாலே தாய் எழுந்து பறந்துவிடும். கால்நடை அருகே இருந்தால் எந்த மாதமும் கயிறு தேவை. ஆனால் கன்றோடு நிற்கும் மாடு துரத்தினால் உடனே நாயை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாயின் மேல்தான். நாய் ஓடித் தப்பித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது உண்ணியை. வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை பெரணிப் புதரிலும் உயர்ந்த புல்லிலும் காத்திருக்கும். இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. சிலவற்றில் லைம் நோய்க் கிருமி உண்டு. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, அக்குள், குழந்தைகளின் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக மேலே இழுத்து எடுங்கள். எண்ணெய், மண்ணெண்ணெய், தீக்குச்சி என்ற பழைய கைவைத்தியம் எதுவும் வேண்டாம்.

கடித்த ஒன்று முதல் நான்கு வாரத்தில், சில சமயம் மூன்று மாதம் கழித்தும், பரவும் வட்டத் தடிப்பு வரலாம். விழிப்புணர்வுப் படங்களில் அது வெள்ளைத் தோலில் செக்கச்செவேல் என்று தெரியும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. கன்றிப்போன காயம்போல மங்கலாக இருக்கும். தடிப்பே வராதவர்களும் உண்டு. ஆகவே கடித்த தேதியைக் குறித்துவையுங்கள். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துவைத்து ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் காட்டுங்கள், உண்ணி கடித்தது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். தடிப்பு லைம் நோய்க்குரியதுதான் என்று மருத்துவர் உறுதி செய்தால் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மூன்று வாரம் வரை ஆண்டிபயாடிக் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். காய்ச்சல், அசதி என்று தொடங்கினால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைக்கலாம்.

ஆடர் என்ற விரியன்தான் பிரிட்டனின் ஒரே நச்சுப் பாம்பு. மார்ச் மாத வெயிலில் பாதையோரம் சுருண்டு கிடக்கும். அதைக் கொல்வது குற்றம். கடித்தால் உயிர் போவது மிக அரிது; கடைசி மரணம் 1975இல். கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாம்பைவிட நெருப்பு பெரிய ஆபத்து. கோர்ஸ் புதரில் எண்ணெய்ப் பசை உண்டு. மழை நாடு என்று நம்பி ஏமாறக் கூடாது. 2020 மே மாதம் டோர்செட்டின் வேரம் காட்டில் சுமார் 220 ஹெக்டேர் எரிந்தது. தூக்கியெறியும் பார்பிக்யூத் தட்டுகள் அங்கே கண்டெடுக்கப்பட்டன. ஹீத்தில் அடுப்பு மூட்ட யாருக்கும் உரிமையில்லை. குடும்பமாகப் போனால் சோற்றுப் பொட்டலமே நல்லது.

காட்டில் புளூபெல் பூக்கும்போது படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட செடி தேறப் பல ஆண்டுகள் ஆகும். கிழங்கைத் தோண்டுவது சட்டவிரோதம். இலையுதிர் காலக் காளான்களில் டெத் கேப் என்ற கொடிய நஞ்சு வகை நம் வைக்கோல் காளானைப் போலவே இருக்கும். பறித்துச் சமைக்கவே வேண்டாம்.

திறந்த நிலத்தில் வேர் தடுக்கி விழுந்தாலும், கிளை முறிந்து மேலே விழுந்தாலும் பொதுவாக நஷ்டஈடு கேட்க முடியாது. இயற்கை அம்சங்களால் வரும் ஆபத்துக்கு நில உரிமையாளர் பொறுப்பல்ல என்று அதே 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பலத்த காற்று வீசும் நாளில் காட்டுக்குள் போகாதீர்கள். டிசம்பரில் நான்கு மணிவாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். மூன்று மணிக்கே சாலைப் பக்கம் வந்துவிடுங்கள். ஹீத்தில் போன் சிக்னல் அடிக்கடி நலிந்துபோகும். பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி போகலாம். ‘ரெஜிஸ்டர்’ என்று ஆங்கிலத்தில் எழுதி 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு அனுப்பி, வரும் பதிலுக்கு ‘யெஸ்’ என்று சொன்னால் உங்கள் எண் பதிவாகும். அதன்பின் உதவியைக் குறுஞ்செய்தியிலேயே கேட்கலாம். இதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே செய்துவையுங்கள்.