களை எனப் பிடுங்காதீர்கள், சரிவைக் காப்பது அதுதான்

புதுச்சேரியின் சேதராப்பட்டைச் சுற்றியுள்ள செம்மண் மேடுகளில் பெருமழைக்கு மறுநாள் குனிந்து பார்த்தால் தெரியும். செடியில்லாத சரிவில் சரளைக்கற்கள் விரற்கடை உயர மண் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். கல் மூடியிருந்த மண் தப்பியது, சுற்றியிருந்தது போய்விட்டது. பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. அந்த அடியில் மண் உதிர்கிறது, அதன் நுண்துகள்கள் துளைகளை அடைக்கின்றன, மேல்மண் ஓடுபோல இறுகுகிறது. பிறகு தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லை. கல் செய்த வேலையை இலை செய்தால் போதும், சரிவு நிற்கும்.

ஆனால் எந்த இலை? புதுச்சேரி மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்தது. அதற்கு முன் சித்திரை, வைகாசி வெயில் அதே சரிவை வறுத்தெடுத்திருக்கும். இரண்டையும் தாங்குவதுதான் இங்கே செடிக்கு வைக்கும் தேர்வு. நர்சரியில் கிடைக்கும் கொரியன் புல் இதில் தேறாது. கோடை முழுக்கத் தண்ணீர் கேட்கும். மஞ்சள் பூ வெடேலியாவோ உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் இருப்பது. அதைத் தயவுசெய்து வைக்காதீர்கள்.

என் முதல் தேர்வு கொழிஞ்சி. முழங்கால் உயரச் செடிதான், ஆனால் ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். ஒன்றைக் கவனமாகத் தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அங்கே பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சத்தில்லாத செம்மண்ணுக்கு இது பெரிய கொடை. ஆடு மாடுகளும் இதை அதிகம் சீண்டுவதில்லை. வேலியில்லாத சரிவில் அது எவ்வளவு பெரிய அனுகூலம்! விதைத்தோல் கெட்டி என்பதால், மணலோடு சேர்த்துத் தேய்த்துவிட்டு விதைக்க வேண்டும்.

கொழிஞ்சிக்கு இடையில் தரையோடு படர அருகம்புல், நீலப்பூ விஷ்ணுகிரந்தி, மூக்கிரட்டை. அருகு கோடையில் காய்ந்ததுபோலக் கிடந்தாலும் மண்ணுக்கடியில் தண்டு உயிரோடிருந்து முதல் மழையிலேயே தழைக்கும். பருப்புக்கீரை ஓராண்டுச் செடிதான், ஆனால் வெற்றிடத்தைச் சீக்கிரம் மூடும். தண்ணீர் பற்றாதபோது இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும் தந்திரம் அதற்குத் தெரியும். இந்த முறையும் கரும்பு, சோளம் போன்றவற்றின் ஒளிச்சேர்க்கை முறையும் அதன் ஒரே செல்லுக்குள் நடப்பதை 2022இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சரிவு செங்குத்தாக இருந்தால் வெட்டிவேர் வேண்டும். அதன் வேர் 3 மீட்டர்வரை நேர்கீழாக இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரையடிக்கும் குறைவான இடைவெளியில் நட வேண்டும். கொத்தனாரின் தண்ணீர் டியூப்பே மட்டம் பார்க்கப் போதும். வரிசையில் மண் தங்கித் தங்கி, தானே படிக்கட்டாகிவிடும். கடலூர் கடலோரத்தில் வேருக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். சரிவில் வைத்ததை மட்டும் தோண்டக்கூடாது.

இப்படி மண்ணைப் பிடித்து நிறுத்த முடியும் என்பதற்குப் பக்கத்து ஆரோவில் மேடே சாட்சி. 1968இல் நகரம் தொடங்கியபோது அது ஓடைகள் அரித்த செம்மண் பொட்டல். மரம் நட்டவர்கள் அங்கே வரப்புகள் எழுப்பி மழைநீரையும் மண்ணையும் பிடித்து நிறுத்தினார்கள். இன்று அங்கே காடு நிற்கிறது.

இந்தச் செடிகளையெல்லாம் வைக்கப் பருவம் ஆடிப்பட்டம். ஆடி, ஆவணித் தூறல்களில் முளைத்தது ஐப்பசிக்குள் தரையை மூடிவிட வேண்டும். ஆனால் புரட்டாசியில், மழைக்கு முன் 'சுத்தம்' செய்கிறோம் என்று பல வளாகங்களில் சரிவையே மண்வெட்டியால் செதுக்கிவிடுகிறார்கள். உயரம் குறைய வேண்டுமானால் அரிவாளால் அறுங்கள், வேரை விட்டுவிடுங்கள். அறுத்ததை அங்கேயே பரப்புங்கள், கொளுத்தாதீர்கள். இரண்டு மழைக்காலம் கடந்தபின் அந்த மண்ணில் ஆவாரையும் விராலியும் வைக்கலாம். அவற்றின் நிழலில் காசான், வீரை போன்ற இம்மண்ணின் மரக்கன்றுகளை வளர்க்கலாம்.