ரெனிஸ் ஆடும் பிள்ளையும் அந்த 25 விநாடிகளும்



சனிக்கிழமை ரெனிஸ் போட்டிக்குப் புறப்படும்போது மட்டும் வயிற்றுநோ வருகிறது என்று பன்னிரண்டு வயது மகனைத் தாயார் ஒருவர் என்னிடம் கூட்டி வந்தார். பரிசோதித்துப் பார்த்தேன், நோய் எதுவும் இல்லை. "ஒரு புள்ளி தோற்றவுடன் எங்கே பார்ப்பாய்?" என்று கேட்டேன். "அப்பாவின்ர முகத்தை" என்றான்.

பிள்ளைக்குக் கவனம் போதாது என்று பலர் குறைப்படுகிறோம். பந்து வரும்போது பிள்ளை பந்தைத்தான் பார்க்கிறது. கவனம் சிதறுவது பந்து நின்ற பின்புதான். ஓர் ஆட்டத்தில் பந்து ஓடும் நேரம் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கும் வராது. மிகுதி நேரம் நடப்பதும் காத்திருப்பதும்தான். விதிப்படி இரு புள்ளிகளுக்கு இடையில் அதிகபட்சம் 25 விநாடிகள், பக்கம் மாறும்போது 90 விநாடிகள். போன பிழையை நினைத்து மனம் குமுறுவது இந்த இடைவெளியில்தான். நெஞ்சு படபடக்கும், தோள் இறுகும், அடுத்த சேர்வும் வலையில் விழும்.

அமெரிக்க விளையாட்டு உளவியலாளர் ஜிம் லோயர், முன்னணி வீரர்களைக் கவனித்து இந்த இடைவெளியை நான்கு படிகளாக வகுத்தார். அவரது வழியைத் தழுவிப் பிள்ளைகளை இப்படிப் பழக்கலாம்:

1. புள்ளி முடிந்ததும் தலை குனியாமல் திரும்பி நடக்க வேண்டும்.

2. கண்களை ரக்கற் நரம்புகளில் வைத்து, மூச்சை இழுத்ததைவிட மெதுவாக இரண்டு தடவை வெளியே விட வேண்டும். அப்போது இதயத் துடிப்பு தணியும்.

3. அடுத்த பந்தை எங்கே அடிப்பது என்று ஒன்றை மட்டும் தீர்மானிக்க வேண்டும்.

4. சேர்வுக்கு முன் பந்தை மூன்று முறை தட்டுவது போல மாறாத பழக்கம் ஒன்று வேண்டும். 2024 இல் ஓய்வு பெற்ற ரஃபேல் நடால் தண்ணீர்ப் போத்தல்களை ஒரே ஒழுங்கில் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைப் போட்டியன்று காலையில் சொல்லிப் பயனில்லை. பயிற்சியின்போது ஒவ்வொரு புள்ளிக்குப் பிறகும் செய்து பழக வேண்டும். நித்திரையும் முக்கியம்: 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணித்தியாலம் தேவை.

இனி எங்கள் பங்கு. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். பிள்ளையாவது வெல்ல வேண்டும் என்ற தவிப்பு எனக்கும் விளங்கும். ஆனால் வேலிக்கு வெளியே நாம் தலையில் கை வைத்தால், பிள்ளையின் 25 விநாடிகளும் எங்களைச் சமாதானப்படுத்துவதிலேயே போய்விடும். வென்றாலும் தோற்றாலும் ஒரே முகத்தோடு இருங்கள். திரும்பி வரும்போது காரில் ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளை முதலில் பேசட்டும்.

வயிற்றுநோ மற்ற நாட்களிலும் வந்தால், நித்திரையால் எழுப்பினால், அல்லது பிள்ளையின் நிறை குறைந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தச் சிறுவனின் தகப்பனாருக்கும் இவற்றைத்தான் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து மகனோடு வந்தார். மகன் இப்போதும் சில ஆட்டங்களில் தோற்கிறான். வயிற்றுநோ மட்டும் இல்லை.