திருநாமங்களின் சரித்திரம் – 9: நாமமே நாமி என்றவர்கள்

வேத ஏட்டில் நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்டிருக்கும் இறைவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி, அவ்விடம் வரும்போதெல்லாம் 'அதோனாய்' என்று படித்துச் செல்லும் யூதர்களின் வழக்கத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். திருநாமத்தை மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருப்பதே வாழ்நாளின் காரியம் என்று கொண்ட வேறொரு கூட்டத்தாரிடம் இந்த வாரம் போகிறோம். அவர்களிடையே எழுந்த ஒரு தத்துவ விவாதத்தைத் தீர்ப்பதற்கு ருஷ்ய சாம்ராஜ்யம் கப்பலும் சிப்பாய்களும் அனுப்ப நேர்ந்தது.

கிரீஸ் தேசத்தின் வடபாகத்தில் ஏஜியன் கடலுக்குள் நீண்டு கிடக்கும் அதோஸ் தீபகற்பம், இருபது பெரிய மடங்களும் அவற்றைச் சார்ந்த சிறு மடங்களும் குகைகளும் நிறைந்து, பெண்கள் காலடி வைக்கலாகாது என்ற விதியை இன்றளவும் காத்துவரும் துறவிகளின் நாடு. இயேசுவின் பெயரைச் சொல்லி, பாவியாகிய தன்மேல் இரங்கும்படி வேண்டும் ஒரு சிறு வாக்கியத்தை, முடிச்சுகள் இட்ட கம்பளி நூல்மாலையை விரல்களால் நகர்த்திக்கொண்டே, நாவிலிருந்து மனத்துக்கும் மனத்திலிருந்து இருதயத்துக்கும் இறங்கும்வரை ஜபிப்பது அங்குள்ள சாதனை. பதினான்காம் நூற்றாண்டிலேயே இதைப் பரிகசித்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மறுமொழி கூறிய கிரகோரி பலாமாஸ் என்ற அதோஸ் துறவி, இறைவனுடைய ஸ்வரூபம் எவருக்கும் எட்டாததென்றும், அவனிடமிருந்து வெளிப்படும் சக்திகளோ சிருஷ்டிக்கப்படாதவை, ஆதலால் அவையும் தெய்வமே என்றும் ஸ்தாபித்தார். 1351-இல் கான்ஸ்டாண்டிநோப்பிளில் கூடிய சபை அதை ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த கலகத்துக்கு வித்து அந்தச் சித்தாந்தத்திலேயே இருந்தது.

அதோஸில் பல்லாண்டுகள் இருந்துவிட்டுக் காக்கஸஸ் மலைகளுக்குத் தவம் செய்யச் சென்ற இலாரியன் என்ற முதிய ருஷ்யத் துறவி, தம் ஜப அனுபவத்தை விவரித்து 'காக்கஸஸ் மலைகளின்மேல்' என்னும் நூலை 1907-இல் வெளியிட்டார். திருச்சபையின் தணிக்கையைக் கடந்தே அது அச்சாயிற்று. 1912-இல் மூன்றாம் பதிப்பைக் கீவ் நகரத்துப் பெருமடமே கொண்டுவந்தது. ஜபம் செய்பவன் திருநாமத்தில் இறைவனையே சந்திக்கிறான், ஆகையால் இறைவனின் நாமம் இறைவனே என்பது அந்நூலின் சாரம். போதேந்திர ஸ்வாமிகளும் ஸ்ரீதர ஐயாவாளும் காவேரிக் கரையில் நிலைநாட்டிய நாம சித்தாந்தத்தோடு பழகிய நம் வாசகர்களுக்கு இதில் திடுக்கிட ஒன்றுமில்லை. பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த பேராயர்கள் திடுக்கிட்டார்கள்.

அவர்களுடைய ஆட்சேபம் அற்பமானதன்று. இயேசு என்ற பெயரைக் கிரேக்க விவிலியம் நூனின் குமாரனாகிய யோசுவாவுக்கும், ஞான நூல் இயற்றிய சீராக்கின் வழிவந்தவருக்கும் அதே எழுத்துக்களால் வழங்குகிறதே, அவர்களும் தெய்வமோ என்று கேட்டார்கள். நாமம் இறைவனைச் சுட்டுவதால் பரிசுத்தமானது. அதை இறைவனே என்றால், பக்தியும் பச்சாத்தாபமும் இல்லாத வாய் அதை முணுமுணுத்தாலும் பலன் கிட்டும் என்றாகி, ஜபம் மந்திரவாதத்தில் போய் முடியும் என்பது அவர்களின் அச்சம்.

இதற்கு எதிர்வாதம் தொடுத்தவர் ஒரு விசித்திர புருஷர். அலெக்ஸாண்டர் புலாதோவிச் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். எத்தியோப்பியாவுக்குச் சென்று மெனெலிக் சக்ரவர்த்தியின் சேனையோடு தெற்கே ருடால்ஃப் ஏரி வரையில் பயணம் செய்து அதைப் புத்தகமாகவும் எழுதியவர். பின்னர் உத்தியோகத்தைத் துறந்து, அந்தோனி என்ற பெயருடன் அதோஸில் புனித அந்திரேயா மடத்தை அடைந்தவர். ஒலியையும் எழுத்தையும் நாங்கள் தெய்வமென்று சொல்லவில்லை. இறைவன் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் சக்தியாகிய நாமத்தையே சொல்கிறோம், சக்தி தெய்வமென்று பலாமாஸ் முன்பே நிறுவியிருக்கிறார் என்றார் அவர். வாதமாக இதைக் குறைசொல்வது எளிதன்று. ஆனால் 1913 ஜனவரியில் அவருடைய கட்சியார் தங்கள் மடாதிபதியைத் தள்ளுமுள்ளு செய்து மடத்தைவிட்டே வெளியேற்றியதை எந்தச் சித்தாந்தத்தைக் கொண்டும் நியாயப்படுத்த முடியாது.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அதோஸ் துருக்கியரிடமிருந்து கிரேக்கர் கைக்கு மாறியிருந்தது. மலையில் ஆயிரக்கணக்கில் இருந்த ருஷ்யத் துறவிகள் கலகக்காரர் என்று பெயரெடுத்தால் அங்கே தங்களுக்குள்ள பாத்தியதையே பறிபோகும் என்ற கவலை ருஷ்ய ராஜதந்திரிகளுக்கு இருந்தது. தத்துவத்தைவிட இந்தக் கவலையே காரியத்தை விரைவுபடுத்தியது என்று நான் கருதுகிறேன். மே மாதத்தில் ருஷ்யத் திருச்சபையின் ஆட்சிக்குழுவாகிய புனித சினோத் இக்கொள்கையைக் கண்டித்தது. தூதராகச் சென்ற பேராயர் நிகோனின் உபதேசம் பலிக்காமற் போகவே, ஜூலையில் புனித பந்தலேமோன் மடத்தில், படங்களையும் சிலுவைகளையும் ஏந்தி நின்ற துறவிகள்மேல் சிப்பாய்கள் தீயணைக்கும் குழாய்களால் கடல்நீரைப் பாய்ச்சி, அவர்களை இழுத்துச்சென்று 'கெர்சோன்' என்ற கப்பலில் ஏற்றினார்கள். இரண்டு கப்பல்களில் எண்ணூறு பேருக்குமேல் ஒதெஸ்ஸாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே பலருடைய துறவுக்கோலம் களையப்பட்டு, அவர்கள் தத்தம் சொந்த ஊர்களுக்கு இல்லறத்தார்போல் அனுப்பப்பட்டார்கள்.

எழுத்தறியாக் குடியானவர்கள் எட்டாத விஷயத்தில் தலையிட்டுக் கெட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் எழுதினவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகவே படுகிறது. ஒரு நாமத்தை நாற்பது வருஷம் உச்சரித்த கிழவர், அதை வெறும் குறியீடு என்று நூலகத்தில் உட்கார்ந்து தீர்மானித்தவரைக் காட்டிலும் அந்த விஷயத்தில் கற்றறிந்தவரே; தம் அனுபவத்தைத் தர்க்கத்தின் சூத்திரமாக எழுதியதில்தான் இடறினார்.

நிகோலாஸ் ஜார் இத்துறவிகளிடம் இரக்கம் கொண்டு, மறுவருஷமே பலருக்குப் பழைய நிலை திரும்பக் கிடைக்கும்படி செய்தார். விஷயத்தை முற்றும் ஆராயும் பொறுப்பு 1917-இல் மாஸ்கோவில் கூடிய திருச்சபை மகாசபையிடம் வந்தது. புரட்சி குறுக்கிட்டு, அடுத்த ஆண்டு அந்தச் சபை முடிவு சொல்லாமலே கலைந்தது. இதற்குள் அக்கொள்கை மடங்களைத் தாண்டி மாஸ்கோ சர்வகலாசாலையின் கணித வகுப்புக்குள் நுழைந்திருந்தது. பாதிரியாரும் கணிதம் படித்தவருமான பவேல் ஃப்ளோரென்ஸ்கி, பேராசிரியர் யெகோரோவ், அவருடைய மாணாக்கர் லூஸின் ஆகியோர், முடிவிலியான கணங்களுக்குப் பெயரிடுவதைப் பற்றிய தம் ஆராய்ச்சிக்கிடையே இந்தத் துறவிகளின் நூல்களையும் படித்துவந்தார்கள். அவர்களைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.