பழைய வாயு அடுப்பும் இன்றைய வாயுவும்

வார்ப்பிரும்பினால் ஆன பழைய வாயு அடுப்புகள் எளிதில் அழிவதில்லை. எனாமல் பூச்சு மங்கினாலும், கைப்பிடிகள் தேய்ந்தாலும், அவற்றின் உடற்பகுதி பல தலைமுறைகளுக்கு நிலைத்து நிற்கும். எனவே, பழைய வீடுகளைப் பிரிக்கும்போதும், விடுதிகளின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏலமிடும்போதும் இவை வெளிவருகின்றன. விரும்பி வாங்குவோரும் உளர். இவற்றை வாங்குவோர் பெரும்பாலும் எடையைக் கண்டே அஞ்சுகின்றனர். ஆனால் உண்மையான அபாயம் எடையில் இல்லை. ஒவ்வொரு வாயு அடுப்பும் ஒரு குறிப்பிட்ட வாயுவுக்கென்றே செய்யப்பட்டது. வாயு மாறினால், அதே அடுப்பு உயிருக்கு ஊறு விளைவிக்கக் கூடும்.

கல்கத்தாவின் நிலக்கரி வாயு

ஹூக்ளி நதியின் மேல்கரையில் ஹவுராவும், கீழ்கரையில் கல்கத்தாவும் அமைந்துள்ளன. இந்தியாவில் குழாய் வழி வாயு விநியோகத்துக்கு முன்னோடியாக விளங்கிய ஓரியண்டல் கேஸ் கம்பெனி 1853-இல் நிறுவப்பெற்றது. 1857-இல் கல்கத்தாவின் தெருக்களில் வாயு விளக்குகள் எரியத் தொடங்கின. மின்சாரம் விளக்கின் இடத்தைப் பற்றிக்கொண்ட பின்னரும் சமையலறைகள், ஆய்வுக்கூடங்கள், தொழிற்கூடங்கள் ஆகியவற்றில் வாயு நிலைத்திருந்தது. இந்நிறுவனத்தின் நிர்வாகத்தை ஐந்தாண்டுகளுக்கு ஏற்பதற்காக மேற்கு வங்க அரசு 1960-இல் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 1962-இல் அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. துர்காபூரின் கல்கரி உலைகளிலிருந்தும், பிற்காலத்தில் டங்குனியிலிருந்தும் நிலக்கரி வாயு குழாய் வழியே நகருக்கு வந்தது.

இதற்கிடையே 1965 அக்டோபரில் கல்கத்தாவில் இண்டேன் சமையல் வாயுவின் முதல் இணைப்பு வழங்கப்பட்டது. உருளையில் அடைத்த பெட்ரோலிய வாயு படிப்படியாக வீடுகளுக்குள் புகுந்தது. அடுப்பு பழையதாகவே இருக்க, வாயு மட்டும் மாறியது. இங்கு ஆராயப்படும் சிக்கலின் தோற்றுவாய் இதுவே.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கல்கத்தாவில் ரஸ்ஸல் தெருவின் ஏலக்கூடங்கள் இத்தகைய பழம்பொருள்களுக்கு நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. அடுப்பைக் கண்டவுடன் மூன்று செய்திகளை ஆராய்தல் வேண்டும். முதலாவது, வார்ப்பில் வெடிப்பு உண்டா என்பது. வார்ப்பிரும்பு நொறுங்கும் இயல்புடையது. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல வார்ப்பு மணிபோல் ஒலிக்கும், வெடித்த வார்ப்பு மந்தமாக ஒலிக்கும். இரண்டாவது, வாயுத் திருகுகள் தடையின்றித் திரும்புகின்றனவா, மூடியபின் கசிவின்றி நிற்கின்றனவா என்பது. மூன்றாவது, ரொட்டி சுடும் அறையின் சுவர்களுக்கிடையே கல்நார் திணிக்கப்பட்டுள்ளதா என்பது. பழைய அடுப்புகளில் இது இருக்கக்கூடும். கல்நார்த் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்க வல்லது. அதனை உடைப்பதோ சுரண்டுவதோ கூடாது; ஐயம் இருப்பின் அவ்வடுப்பைத் தவிர்ப்பதே நன்று.

உடைந்த பாகத்துக்கு மாற்று கிடைக்குமா என்ற கவலைக்கு ஹவுராவில் விடை உண்டு. இந்நகர் வார்ப்படத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. நியூயார்க் நகரின் பாதாளச் சாக்கடை மூடிகள்கூட இங்கு வார்க்கப்பட்டுள்ளன. பழைய பாத்திரத் தாங்கியையோ காலையோ மாதிரியாக வைத்து மணல் அச்செடுத்துப் புதிதாக வார்த்துத் தருதல் இத்தகைய வார்ப்படச் சாலைகளுக்கு அரிய செயலன்று. ஆயினும் வாயு செல்லும் பாகங்களை இவ்வாறு செய்வித்தல் தகாது.

எடையும் இடமாற்றமும்

அடுப்பின் எடையைத் தராசின்றி மதிப்பிடலாம். வார்ப்பிரும்பு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 7.2 கிராம் எடையுள்ளது. 60 செ.மீ. நீளமும், 50 செ.மீ. அகலமும், 8 மி.மீ. தடிப்பும் உள்ள ஒரு மேல்தகடு மட்டுமே ஏறத்தாழ 17 கிலோகிராம் ஆகும். ஆகவே, கழற்றக்கூடிய தாங்கிகள், பர்னர்கள், கதவுகள் அனைத்தையும் முதலில் கழற்றி அடையாளமிட்டுத் தனியே வைத்தால் சுமை பெரிதும் குறையும்.

மீதமுள்ள உடல் 160 கிலோகிராம் எனக் கொள்வோம். அதை 50 செ.மீ. உயரமுள்ள வண்டியில் ஏற்ற வேண்டும். நேரே தூக்குவதற்குப் பதிலாக இரண்டரை மீட்டர் நீளமுள்ள உறுதியான பலகையைச் சாய்தளமாக அமைத்தால், உராய்வு நீங்கலாக, ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 32 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையே போதும். சமதரையில் இரும்புக் குழாய்த் துண்டுகளை உருளைகளாக இட்டு நகர்த்தலாம். சாய்தளத்தில் ஏற்றும்போது அடுப்பின் கீழ்ப்புறத்தில் எவரும் நிற்கக் கூடாது. மேலிருந்து கயிற்றால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நிறுத்தும் இடத்தையும் ஆராய்தல் வேண்டும். அதே அடுப்பு, ஒவ்வொன்றும் 4 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள நான்கு கால்களில் நின்றால், தரையின் மீது சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தம் விழும். ஒவ்வொரு காலின் கீழும் 15 செ.மீ. சதுர இரும்புத் தகடு வைத்தால் அது 0.2 கிலோகிராமுக்கும் கீழே குறைந்துவிடும். ஆனால் தகடு ஓடு உடைவதைத் தடுக்குமேயன்றி, மாடியின் மொத்தப் பாரத்தைக் குறைக்காது. பழைய மாடித்தளமாயின் பொறியாளரின் கருத்தைப் பெறுதல் இன்றியமையாதது.

வாயு மாறினால் நேர்வது என்ன?

நிலக்கரி வாயுவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன். எஞ்சியதில் மீத்தேனும் கார்பன் மானாக்சைடும் முக்கியமானவை. ஒரு கன மீட்டர் எரிந்தால் சுமார் 4,300 கிலோகலோரி வெப்பம் தரும். பெட்ரோலிய வாயுவோ சுமார் 26,000 கிலோகலோரி தரும். ஆனால் அது கனமானதாதலின் துளை வழியே மெதுவாகவே வெளிவரும். வெப்ப அளவை ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால், ஒரே துளையில், ஒரே அழுத்தத்தில் இரு வாயுக்களும் தரும் வெப்பத்தை ஒப்பிடலாம். அவ்வாறு கணக்கிட்டால் பெட்ரோலிய வாயு ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பம் தருகிறது.

அழுத்தமும் மாறுபடுகிறது. பழைய வாயு 75 மி.மீ. நீர்மட்ட அழுத்தத்தில் வந்ததெனக் கொள்வோம். இந்திய வீட்டு உருளையின் ரெகுலேட்டர் சுமார் 300 மி.மீ. அழுத்தம் தருகிறது. அழுத்தம் நான்கு மடங்கானால் வெளிப்பாடு இரு மடங்காகும். ஆக, ஜெட் எனப்படும் துளைமுனையை மாற்றாமல் இணைத்தால், அடுப்பு தாங்க வேண்டியதைவிட ஆறு மடங்கு வெப்பம் பாய்கிறது. இதற்கேற்ற காற்று கிடைக்காமையால் சுடர் மஞ்சளாகி நீண்டு, புகைக்கரி படியும். அரைகுறையாக எரிந்த வாயுவிலிருந்து நிறமோ மணமோ அற்ற கார்பன் மானாக்சைடு என்னும் நஞ்சு அறையில் நிறையும்.

துளையை மட்டும் சிறிதாக்கினால் போதுமா எனில், போதாது. நிலக்கரி வாயு ஒரு பங்கு எரிய நாலைந்து பங்கு காற்றுப் போதும். பெட்ரோலிய வாயுவுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு வேண்டும். ஹைட்ரஜன் மிகுந்த பழைய வாயுவின் சுடர் விரைவாகப் பரவுவது. புதிய வாயுவின் சுடர் மெதுவாகப் பரவுவதால் பர்னர் துளையை விட்டு மேலெழும்பி அணையக் கூடும். எனவே ஜெட், காற்றுத் துவாரம், பர்னர் ஆகிய மூன்றும் ஒருங்கே மாற வேண்டும். பிரிட்டன் 1967 முதல் 1977 வரை நகர வாயுவிலிருந்து இயற்கை வாயுவுக்கு மாறியபோது, பயிற்சி பெற்ற பணியாளர் வீடு வீடாகச் சென்று கோடிக்கணக்கான சாதனங்களை மாற்றியமைத்தது இக்காரணத்தினாலேயே.

பொருத்துதல்

நிலக்கரி வாயு காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேலே எழும். ஆதலால் உயரத்திலுள்ள காற்றுத் துவாரங்கள் அதற்கு ஏற்றவை. பெட்ரோலிய வாயு காற்றைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமுள்ளது, தரையில் தேங்கும். அதற்குத் தரைமட்டத்திலும் காற்றோட்டம் வேண்டும். பழைய இயற்கை ரப்பர்க் குழாய்களையும் வளையங்களையும் இவ்வாயு கெடுத்துவிடும். அதற்கென முத்திரையிட்ட குழாயையே பயன்படுத்த வேண்டும். கசிவை சோப்பு நீரால் சோதிக்க வேண்டுமேயன்றி, தீக்குச்சியால் ஒருபோதும் சோதிக்கலாகாது. சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு பழைய அடுப்புகளில் பெரும்பாலும் இல்லை என்பதையும் மறத்தலாகாது.

இன்று விற்பனையாகும் வீட்டு வாயு அடுப்புகளுக்கு இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரை வேண்டும். பழைய அடுப்புக்கு அது இராது. ஆகவே விநியோகஸ்தரின் தகுதி பெற்ற பணியாளர் பார்வையிட்டு இசைவளிக்காமல் எந்த இணைப்பும் தரக் கூடாது. இசைவு கிடையாதெனில், அடுப்பை வாயுவின்றிக் காட்சிப்பொருளாக வைத்துக்கொள்வதே முறை.

களப்பணியாளர் ஒரு வீட்டில் இத்தகைய அடுப்பைக் காணின், இது எந்த வாயுவுக்காகச் செய்யப்பட்டது, ஜெட் மாற்றப்பட்டதா, கீழே காற்றோட்டம் உண்டா என்னும் மூன்று வினாக்களை முதலில் வினவுதல் வேண்டும். ஆசிரியர் வகுப்பில் சாய்தளம், அழுத்தம், அடர்த்தி, எரிதல் ஆகிய நான்கு பாடங்களையும் இந்த ஓர் அடுப்பைக் கொண்டே விளக்கலாம். நீல நிறமான, அமைதியான சுடரே நல்ல எரிதலின் அடையாளம். மஞ்சள் சுடரைக் கண்டவுடன் வாயுவை நிறுத்தி, சன்னலைத் திறக்க வேண்டும் என்பதை மாணவர் தம் இல்லத்தாருக்கும் எடுத்துரைப்பாராயின், அப்பாடம் பல உயிர்களைக் காக்கும்.