உஷார்! காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில், யோம்ஃப்ரு ஆன காட என்ற மதுக்கூடத் தெருவில் வெள்ளி இரவு தொடங்கிய சிநேகம் ஆணுறை இல்லாத உறவில் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை கண் விழித்ததும் அடிவயிற்றைக் கலக்குகிறது. குடும்ப மருத்துவரின் கதவு திங்கள்தான் திறக்கும். "திங்கள் பார்த்துக்கலாம், அதுக்குள்ள ஏதாவது அறிகுறி தெரியுதான்னு பார்ப்போம்" என்று படுத்துவிடுகிறோம்.

இங்கேதான் உஷார்! எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் அவசர மாத்திரையை முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்லது. 72 மணி நேரம் கடைசி எல்லை. வெள்ளி நள்ளிரவிலிருந்து எண்ணினால் அந்த எல்லை திங்கள் நள்ளிரவு! ஆகவே, இரவிலும் விடுமுறையிலும் இயங்கும் மருத்துவ சேவையான லேகெவாக்டுக்குச் சனிக்கிழமையே போன் செய்யுங்கள். நடந்ததை மழுப்பாமல் சொல்லுங்கள். மாத்திரை தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். தேவையென்றால் 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குத்திய ஊசிக்கும் கிழிந்த ஆணுறைக்கும் இதே அவசரம்தான். முத்தத்துக்கும் ஒரே தட்டில் சாப்பிட்டதற்கும் இது வேண்டாம், பயமும் வேண்டாம்.

அறிகுறியை நம்பவே நம்பாதீர்கள். தொற்றியவர்கள் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறி கட்டுதல், உடம்பில் தடிப்பு, வாய்ப்புண் வரலாம். சிலருக்கு ஒன்றுமே வராது. வந்தாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். ஜனவரியில் ஓல்போர்க் பேருந்தில் பாதிப் பேர் இதே தொண்டை வலியோடு இருமிக்கொண்டுதான் போகிறார்கள்! கழுத்தைத் தடவித் தடவியே நெறியை வலிக்க வைத்துக்கொண்டு இரவெல்லாம் கூகுளில் தேடுவதால் எதுவும் தெரியப்போவதில்லை. ரத்தம்தான் சொல்லும்.

அதுவும் மறுநாளே சொல்லாது. கையில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் இப்போதைய பரிசோதனை, கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடுகிறது. தொற்றி 18 முதல் 45 நாளுக்குள் அது காட்டிவிடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுச் சோதனைக்கு 90 நாள் வரை ஆகலாம். பத்தாம் நாள் 'இல்லை' என்று வந்ததைக் கொண்டாடுவது பெரிய கோளாறு. அவசர மாத்திரை சாப்பிட்டவர்கள் அதை முடித்த பிறகுதான் நாட்களை எண்ண வேண்டும். எப்போது திரும்ப வர வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை ஆணுறை கட்டாயம், ஏனென்றால் தொற்றிய ஆரம்ப வாரங்களில்தான் ரத்தத்தில் கிருமி கொதித்துக் கிடக்கும், பிறருக்கும் எளிதில் தொற்றும்.

நம் ஆட்களைத் தடுப்பது பெரும்பாலும் வெட்கம். ஊர்க்காரர் யாராவது மொழிபெயர்ப்பாளராக வந்துவிடுவாரோ, மாமாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கவலை. டென்மார்க்கில் இந்தப் பரிசோதனைக்குக் காசில்லை, பெயர் சொல்லாமலும் செய்துகொள்ளலாம். தயவுசெய்து உறவினரைத் துணைக்குக் கூட்டிப்போகாதீர்கள், உடைந்த டேனிஷோ ஆங்கிலமோ போதும். ஐரோப்பாவில் எச்.ஐ.வி. கண்டறியப்படுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, எதிர்ப்புசக்தி ஏற்கெனவே சரிந்த பிறகுதான் விஷயம் தெரியவருகிறது.

'இருக்கிறது' என்று வந்தால்? சென்னையின் ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும் பங்கெடுத்த எச்.பி.டி.என். 052 ஆய்வு, சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-ல் காட்டியது. ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கியவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவாது என்பது இன்று உறுதியான விஷயம்.

இன்னொன்று: பரிசோதனை ரகசியமாக முடியட்டும் என்று ரத்ததானம் செய்யப் போகிற புத்திசாலிகள் உண்டு. ஆரம்ப நாட்களில் எந்தச் சோதனையிலும் சிக்காத கிருமி, அந்த ரத்தப் பையோடு இன்னொருவர் உடம்புக்குள் போய்விடலாம்.